சேவல் கொத்திய கனவும் உமர் (ரலி) அவர்களின் கடைசி ஜும்ஆவும்



கெட்ட கனவு கண்டால் ஷைத்தானின் தீங்கை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும், இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்ப வேண்டும், புரண்டு படுக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஆனால் கனவு மவுத்தின் முன்னறிவிப்பாகவே இருந்துவிட்டால் ஒரு முஃமின் என்ன செய்வார்? அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் கடைசி நாட்களைப் பாருங்கள்.

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதம். ஹஜ்ஜை முடித்துவிட்டு மதீனா திரும்பிய உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆ மிம்பரில் ஏறினார்கள். ஒரு சேவல் தம்மை மூன்று முறை கொத்தியதாகக் கனவு கண்டதையும், தம் அஜல் நெருங்கிவிட்டதாகவே அதைக் கருதுவதையும் மக்களிடம் சொன்னார்கள். அரபியரல்லாத ஒருவன் கொல்வான் என்று அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அதற்கு விளக்கம் கூறியிருந்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் இதைச் சொன்னது பயத்தைப் பரப்புவதற்காக அல்ல, அமானிதத்தை ஒப்படைப்பதற்காக! கிலாஃபத்தை ஆறு ஸஹாபாக்களின் ஆலோசனைக்கு விட்டார்கள். ஆளுநர்கள் மக்களிடம் நீதமாக நடக்கவும் மார்க்கத்தைக் கற்றுக் கொடுக்கவுமே அனுப்பப்பட்டவர்கள் என்று அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள்.

அடுத்த புதன்கிழமை ஃபஜ்ரு தொழுகை. வழக்கம் போல் ஸஃப்புகளைச் சரிசெய்து தக்பீர் கட்டியதும், முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களின் அடிமையான அபூ லுஃலுஆ அவர்களைக் குத்தினான். மேலும் 13 பேர் குத்தப்பட்டு, 7 பேர் இறந்தார்கள்.

கனவு பலித்தது. ஆனால் உமர் (ரலி) அவர்கள் படுக்கையிலும் கணக்கைத்தான் பார்த்தார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். சுமார் 86,000 இருந்தது. அதை அடைக்க வஸிய்யத் செய்தார்கள். ஆனால் அந்த மகனுக்குப் பதவியில் பங்கு வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் அருகில் அடக்கப்பட ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்த பிறகும், ஜனாஸாவைத் தூக்கிச் சென்று வாசலில் மறுபடியும் கேட்கும்படி சொன்னார்கள். ஆட்சியாளர் என்ற அச்சத்தில் சம்மதித்திருக்கக் கூடாதல்லவா!

அன்பானவர்களே! கனவு வந்தாலும் வராவிட்டாலும் நம் அஜல் எழுதப்பட்டுவிட்டது. நாம் கேட்க வேண்டியது கனவு பலிக்குமா என்பதல்ல. யாருக்குக் கடன் தர வேண்டும், யாருடைய ஹக் நம்மிடம் இருக்கிறது, வஸிய்யத் எழுதினோமா என்பதுதான்.

அல்லாஹ் நம் அனைவரையும் கணக்கை முடித்தவர்களாகத் தன்னிடம் அழைத்துக் கொள்வானாக! ஆமீன்.