ஐஸைக் கப்பலேற்றி மெட்ராஸுக்கு விற்றவர்: யார் இந்த ஃபிரெடரிக் டியூடர்?

மே மாதம் இளம்பிள்ளையில் ஒரு மத்தியானம். பிள்ளைகளுக்கு லீவு, சொந்தபந்தம் வந்து இறங்கியாச்சு, சேலை எடுக்க வந்தவர்கள் வேறு. வெயிலுக்கு என்ன கொடுப்பது? மோர், நுங்கு, சர்பத் எல்லாம் முதல் நாளோடு அலுத்துவிடும். ரெண்டாம் நாளுக்கு ஒரு ஃபிரெஞ்சுக்காரப் பண்டம் சொல்கிறேன். பேர் வாஷ்ரான். பயப்பட வேண்டாம், அடுப்பே பற்ற வைக்காமல் செய்துவிடலாம்.

முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் உலர்த்தினால் வருவது மெரிங். அதை அடுக்கி, நடுவில் ஐஸ்கிரீம் வைத்து உறைய வைத்தால் வாஷ்ரான். நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை, நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எல்லார் வீட்டிலும் ஓவன் இருக்காதே! அதற்கும் வழி உண்டு. வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூன், மெரிங்கின் நெருங்கிய சொந்தம்தான். அதை வாங்கி நொறுக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி குளிர். பட்டனைத் தட்டினால் கிடைக்கிற இந்தக் குளிரை, ஒரு காலத்தில் ஓர் ஆள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி நம்ம கடற்கரைக்கு அனுப்பினார். அவர்தான் டியூடர்.

கேலியோடு தொடங்கிய வியாபாரம்

1783 செப்டம்பர் 4-ல் பாஸ்டன் நகரில் வசதியான வக்கீல் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சகோதரர்கள் ஹார்வர்டில் படிக்க, இவர் 13 வயதிலேயே பள்ளியை விட்டு வியாபாரம் பழகப் போய்விட்டார். குளிர்காலத்தில் அங்கே குளங்கள் உறைந்து கல்லாகிவிடும். அதை அறுத்து வைத்து கோடையில் வீட்டுக்குப் பயன்படுத்துவது பணக்காரக் குடும்பங்களின் வழக்கம். இதையே வெப்ப நாடுகளுக்கு விற்றால் என்ன என்ற பேச்சை அண்ணன் தம்பிகளுக்குள் முதலில் எடுத்தது வில்லியம். அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது ஃபிரெடரிக்.

1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸோடு கப்பல் கிளம்பியபோது ஊரே சிரித்தது. போன இடம் மார்த்தினிக், கரீபியக் கடலில் ஃபிரெஞ்சுக்காரர்களின் தீவு. மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தும் விட்டது, ஐஸும் மிஞ்சியிருந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். வாங்கின சனத்துக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருத்தர் மத்தியான வெயிலில் தூக்கிக்கொண்டு போய், வாசலில் தட்டில் வைத்துவிட்டு உருகுதே என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மூன்றாமவர் உப்பிலேயே போட்டுவிட்டார்!

அங்கே பூங்கா நடத்திய ஒருவர், இந்த ஊர் வெயிலில் ஐஸ்கிரீம் செய்யவே முடியாது என்று அடித்துச் சொன்னார். டியூடர் 40 பவுண்டு ஐஸ் எடுத்துப்போய், தானே நின்று உறைய வைத்துக் காட்டினார். முதல் ராத்திரியே பூங்காக்காரருக்கு 300 டாலர் வசூல். ஐஸோடு உப்பு சேர்ந்தால் அது பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும், அந்தக் குளிரில் நடுவில் இருக்கும் பால் உறையும். குடிக்க வைத்த ஐஸை உப்பு கெடுக்கும், ஐஸ்கிரீமை உப்புதான் உறைய வைக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அன்று வேலை செய்தவர்கள் அடிமைகள். சர்க்கரை அவர்கள் உழைப்பு, ஐஸ்கிரீம் முதலாளிகளுக்கு.

பூங்காக்காரர் சம்பாதித்தார், டியூடருக்கு நஷ்டம். அடுத்தடுத்த வருஷங்களில் கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். வெளியே வந்து மறுபடி ஐஸைத்தான் பிடித்தார். மரப்பட்டறைகளில் சும்மா குவிந்து கிடந்த மரத்தூள் வெப்பத்தை உள்ளே விடாது என்று கண்டு, அதைச் சுற்றி அடுக்கினார். 1825-ல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையைக் கொண்டுவந்ததும் கட்டிகள் ஒரே அளவில் அறுபட்டன. இடைவெளியில்லாமல் அடுக்கினால் காற்று படும் பரப்பு குறையும், உருகுவதும் குறையும். மதுக்கடைக்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்து, குடிப்பவர்களுக்குப் பழக்கம் ஏற்றிவிட்டுப் பிறகு காசு வாங்கும் தந்திரமும் அவருடையதே. இன்றைய கம்பெனிகள் செய்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இல்லை.

மெட்ராஸ் கடற்கரையில்

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேரும்போது ஏறக்குறைய 100 டன் மிச்சம். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது, குளிர்கால இரவில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து எடுத்த அழுக்குச் சகதி ஐஸ்தான். இதே காலத்தில் காபி வியாபாரத்தில் சூதாடி டியூடர் 2 லட்சம் டாலருக்கு மேல் கடன் பட்டார். அதை அடைக்கச் சுமார் 15 வருஷம் ஆனது, அடைத்ததில் பெரும்பங்கு கல்கத்தா ஐஸ். நம்ம நாட்டு வெயிலே அவரைக் கரையேற்றியது என்று சொல்லலாம்.

1840-களின் தொடக்கத்தில் மெட்ராஸிலும் கடலைப் பார்த்தபடி ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், மசூலா படகில் அலை தாண்டிச் சரக்கு கரைக்கு வரும். அந்த ஐஸ் வெள்ளைக்காரர் மேசைக்கும், கையில் காசுள்ள சில வீடுகளுக்கும் போனது. சேலத்துக்கு அன்று ரயில்கூட வரவில்லை. 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் அறுத்தபோது கரையில் குடிசை போட்டிருந்த எழுத்தாளர் தோரோ, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்களில் ஒன்றாக மெட்ராஸையும் தன் புத்தகத்தில் குறித்தார்.

டியூடர் 50 வயதில் கல்யாணம் செய்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, 1864 பிப்ரவரி 6-ல் பெரும் பணக்காரராகவே இறந்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மெட்ராஸிலேயே இயந்திர ஐஸ் வந்துவிட்டது. கப்பல் ஐஸ் ஓய்ந்தது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியது அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். கல்கத்தா, பம்பாய் ஐஸ் ஹவுஸ்கள் இப்போது இல்லை.

சரி, நம்ம வாஷ்ரானுக்கு வருவோம். 250 கிராம் மக்ரூனைக் கையால் நொறுக்குங்கள், மாவாக்க வேண்டாம். ஒரு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீமைப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் இளகும். மூடியுள்ள டப்பாவில் மக்ரூன் ஒரு அடுக்கு, ஐஸ்கிரீம் ஒரு அடுக்கு, நறுக்கிய சேலத்து மாம்பழம் கொஞ்சம், மறுபடி அதே வரிசை. ஆறு மணி நேரம் ஃப்ரீசரில். மெரிங்கில் நீர் குறைவு, காற்றும் சர்க்கரையும் அதிகம், அதனால் கல்லாக உறையாது, கத்தி இறங்கும். நடுவில் கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். விருந்தாளிகள் கை கழுவி உட்கார்ந்த பிறகே டப்பாவை வெளியே எடுங்கள்.