டிராகன் கேம்ல புதிர் போடுறீங்களா? அப்போ இவரைத் தெரிஞ்சுக்கோங்க!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுறவங்களுக்கு பூட்டிய கதவும் புதிரும் பழக்கம்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1983-ல் 2 சாகசங்களை 'ஆலிஸ்' கதைகளை வைத்தே அமைத்தார்.

ஆலிஸை எழுதிய லூயிஸ் கரோல் யார்? நிஜப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1832-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார். பேச்சில் திக்கல் உண்டு. 1865-ல் வந்த ஆலிஸ் பெரிய ஹிட். ஆனா கடைசிக் காலத்தில் அவரைப் பிடித்து ஆட்டியது லாஜிக்தான்.

அதையே ஒரு விளையாட்டாக்கினார். கட்டம் போட்ட அட்டை, சிவப்பு, சாம்பல் காய்கள். சிவப்பு வைத்தால் அந்தக் கட்டத்தில் ஏதோ இருக்கு, சாம்பல் வைத்தால் காலி. சிரிப்பு மூட்டும் 2 வாக்கியம் கொடுப்பார். அதிலிருந்து 3-வதை நாம கண்டுபிடிக்கணும். அவ்ளோதான்! பெண்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பட்டமே தராத காலத்தில், அங்குள்ள பள்ளி மாணவிகளுக்குப் போய் லாஜிக் நடத்தினார். இது ஆலிஸை விடப் பெரிய விஷயம்னு தோணுது.

1896-ல் அவருடைய லாஜிக் புத்தகத்தின் முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகம் முடியும் முன்பே, 1898 ஜனவரி 14-ல் நிமோனியாவால் இறந்தார். தொலைந்துபோன அச்சுப் படிகளை அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் வில்லியம் பார்ட்லி தேடிப்பிடித்து, 1977-ல் வெளியிட்டார். அதற்குள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தே 3 வருஷம் ஆகியிருந்தது.