கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 - 1977) தென்னிந்தியாவின் குறிப்பிடத்தக்க நவீன ஓவியர்களுள் ஒருவர். சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர் என்ற வகையிலும் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தார். சிறுவயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய இவரது ஓவியங்கள், பதினேழு வயதளவில் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தித் துறையில் பணியில் சேர்ந்தார். 1936இல் அப்பணியைத் துறந்து, சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியில் மாணவரானார். அப்போது அதன் தலைவராக இருந்தவர் சிற்பியும் ஓவியருமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அப்பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் இவரே. படிப்பு முடிந்த பின் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957இல் தம் குருவுக்கு அடுத்து அதன் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

கண்காட்சிகளும் பாணி மாற்றமும்

1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்து, சென்னை ஓவியர்களின் படைப்புகள் பிற நகரங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட வழிசெய்தார். 1954இல் இவரது ஓவியங்கள் லண்டனிலும் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பிய நவீன ஓவியங்களை அங்கு நேரில் கண்ட அனுபவம், இந்தியருக்கே உரிய நவீன ஓவிய மொழி எது என்ற தேடலை இவரிடம் வலுப்படுத்தியதாகக் கருதப்படுகிறது. 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை அத்தேடலின் விளைவாகும். சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், வாசிக்க இயலாத எழுத்துருக்கள் ஆகியவை இவற்றில் இடம்பெறுகின்றன.

சோழமண்டலம்

பயிற்சி பெற்ற மாணவர் பலர் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்று ஓவியத்தைக் கைவிட்டனர். தாமே அத்தகைய நிலையைக் கடந்து வந்த பணிக்கர் இதற்குத் தீர்வு காண முயன்றார். ஓவியர்கள் மெழுகும் சாயமும் கொண்டு 'பத்திக்' துணிகளையும் பிற கைவினைப் பொருட்களையும் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் உருவானது. காரைக்கால், நாகப்பட்டினம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய சோழநாட்டுக் கடற்கரையின் பழம்பெயரே கிராமத்துக்குச் சூட்டப்பட்டது. ஐரோப்பியர் வழக்கில் 'கோரமண்டல்' எனத் திரிந்ததும் இப்பெயரே.

சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், கே. வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி முதலியோர் இங்கு இணைந்தனர். பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபாலும் அவர்களுள் ஒருவர். பேச்சுக் குறைபாடும் மனநலிவும் கொண்டிருந்த கே. ராமானுஜத்தின் திறனை உணர்ந்து பணிக்கர் அவருக்கு ஆதரவளித்தார். கோட்டோவியங்களால் புகழ்பெற்ற ராமானுஜம் 1973இல், முப்பத்திரண்டு வயதளவில் மறைந்தார்.

மறைவு

1967இல் ஓய்வு பெற்ற பணிக்கர், தாம் நிறுவிய கிராமத்தோடு இணைந்தே தொடர்ந்து ஓவியம் வரைந்தார். 1977இல் சென்னையில் காலமானார். இவருக்குப் பின்னரும் சோழமண்டலம் ஓவியர்களின் கூட்டு முயற்சியாகவே நிலைத்து நிற்கிறது.