பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக்குகின்றனர். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அதைக் காணும்போதெல்லாம், அவன் மனிதனாக வாழ்ந்த கதையே என் நினைவில் எழும்.

கதைப்பாடலின்படி, அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் காதலித்தான். தமையன்மார் தடுத்தனர். பூணூலையும் குடுமியையும் துறந்து, செருப்புத் தைத்துக் கொண்டுவந்தால் மணமுடித்துத் தருவதாகத் தந்தை சொன்னார். பட்டன் அவ்வாறே செய்தான். மணமான பின் மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கச் சென்று, கள்வர்களோடு போரிட்டு மடிந்தான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர்.

அப்பெண்கள் அந்தணர் வீட்டில் பிறந்து, பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் வடிவமும் உண்டு. 1971இல் இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அதைப் பிற்கால இடைச்செருகலாகவே கருதினார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் நான். உழைப்பின் மதிப்பைக் கரும்பலகையில் விளக்கினேன். பட்டனோ தோலையும் ஊசியையும் கையிலெடுத்தான். பெண்களின் பிறப்பைத் திருத்திவிட்டால் அவன் துறந்ததற்கே பொருளில்லாமற் போகும். சாதி மீறிய காதலுக்காக இன்றும் உயிர் பறிக்கப்படும் இம்மண்ணில், அத்திருத்தத்தை நாம் ஏற்கலாகாது.