மரநிழலில் தொடங்கிய கொரானா

1995 இடப்பெயர்வில் மரங்களின் கீழ் படித்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஹர் கோபிந்த் கொரானாவின் தொடக்கம் புதிதாக இராது. இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த அவரது முதற் பள்ளிக்கூடமும் ஒரு மரநிழல்தான். ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த அந்த ஊரில் எழுத வாசிக்கத் தெரிந்தது அநேகமாக அவர்களது குடும்பத்துக்கு மட்டுமே.

1945இல் புலமைப்பரிசில் பெற்று லிவர்பூல் சென்றார். 1947 பிரிவினையில் அவரது ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 1949இல் இந்தியா திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. மீண்டும் இங்கிலாந்து, பிறகு கனடா, 1960இல் அமெரிக்கா.

உயிர்க் கலத்தில் புரதம் உருவாகும் இடம் இறைபோசோம். அதற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது இடமாற்று ஆர்.என்.ஏ. பற்றீரியாவில் ஒரு புரதம் அதைக் கூட்டிவந்து இறைபோசோமில் சேர்க்கும். மூன்றெழுத்துச் சொல் பொருந்தினால் விட்டுவிட்டு விலகும். அத்தகைய 64 சொற்களையும் கொரானாவின் குழு ஆய்வுகூடத்திலேயே செய்தது. எந்தச் சொல்லுக்கு எந்த இடமாற்று ஆர்.என்.ஏ பற்றீரியா இறைபோசோமில் ஒட்டுகிறது என்று பார்த்து, பரம்பரைக் குறியீட்டின் பொருளை அறிய அவை உதவின. அதற்காக 1968இல் நிரென்பர்க், ஹொலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. இடமாற்று ஆர்.என்.ஏ ஒன்றுக்கான பரம்பரை அலகை அவரது குழு முழுக்க இரசாயன முறையில் செய்தது. அப்படிச் செய்த இன்னொன்று 1976இல் உயிருள்ள பற்றீரியாவுக்குள் வேலை செய்தது.

2011இல் கொரானா மறைந்தார். உயர்தர உயிரியல் வினாத்தாளில் புரதத் தொகுப்புக்கு விடை எழுதும் எங்கள் பிள்ளை, ஊரிழந்த அந்த மனிதரின் உழைப்பைத்தான் எழுதுகிறது.