திருப்பி அனுப்பப்பட்ட சிலைகள்

தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்து, குனிந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கும் ஒரு வெண்கல மனிதனை உங்களுக்குத் தெரியும். செமஸ்டர் நேரத்து மீம்களில் அவன் வராத நாள் கிடையாது. 'சிந்தனையாளன்' என்று பெயர். முதலில் அவன் 70 செ.மீ. உயரமுள்ள ஒரு சின்ன உருவம்தான். ஒரு பெரிய கதவின் உச்சியில் உட்கார வைப்பதற்காகச் செய்யப்பட்டவன். அந்தக் கதவு எந்தக் கட்டடத்துக்காக ஆர்டர் செய்யப்பட்டதோ, அந்தக் கட்டடம் கடைசி வரைக்கும் கட்டப்படவே இல்லை!

அவனைச் செய்தவர் பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்ட் ரோடான். அவர் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் கதைதான். ஊர் கேட்கும், இவர் செய்வார், ஊர் வேண்டாம் என்று சொல்லும்.

1840 நவம்பர் 12, பாரிஸ். அப்பா போலீஸ் அலுவலகத்தில் குமாஸ்தா, சாதாரணக் குடும்பம். 14 வயதில் வரைகலையும் கணிதமும் சொல்லித்தரும் ஒரு சின்னப் பள்ளியில் ரோடான் சேர்ந்தார். அங்கே லெகோக் என்ற ஆசிரியர் ஒரு வித்தியாசமான பயிற்சி கொடுத்தார். ஒரு பொருளைப் பார், அப்புறம் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரை. அந்தப் பழக்கம் ரோடானுக்குக் கடைசி வரை கைகொடுத்தது.

சிற்பியாக வேண்டும் என்றால் அன்றைக்கு ஒரே வாசல், 'எகோல் தே போஸார்' என்ற அரசுக் கலைக்கல்லூரி. 17 வயதில் நுழைவுத் தேர்வு எழுதினார். ஓவியத்தில் பாஸ், சிற்பத்தில் ஃபெயில். மறுபடியும் எழுதினார், அதே ரிசல்ட். மூன்றாவது தடவையும் அதேதான். உலகத்தின் மிகப் பெரிய சிற்பிகளில் ஒருவர் மூன்று முறையும் விழுந்தது சிற்பத்தில்தான், கவனிச்சீங்களா?

அதற்குப் பிறகு சுமார் இருபது வருடம் கூலி வேலை. கட்டட முகப்புக்கு அலங்காரம், தூணுக்குப் பூ வேலை, அடுத்தவர் கையெழுத்துப் போடும் சிலைகளுக்கு உழைப்பு. சொந்த வேலைக்கு மிஞ்சிய நேரம்தான். வாடகைக்கு எடுத்த பட்டறையில் குளிர்காலத்தில் சூடேற்றக்கூடக் காசு இல்லை. அங்கே, மூக்கு உடைந்த ஒரு உள்ளூர்த் தொழிலாளியின் தலையைக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தார். ஒரு ராத்திரி குளிரில் களிமண் உறைந்து, தலையின் பின்பக்கம் உடைந்து விழுந்துவிட்டது. மிஞ்சிய முகத்தை மட்டும் 1864இல் பாரிஸ் 'சலோன்' கண்காட்சிக்கு அனுப்பினார். நிராகரித்தார்கள்.

1877இல் நடந்தது இன்னும் மோசம். ஒரு பெல்ஜியப் படைவீரனை மாடலாக நிற்க வைத்து, ஒன்றரை வருடம் உழைத்து, 'வெண்கல யுகம்' என்ற ஆளுயரச் சிலையைச் செய்திருந்தார். அது தத்ரூபமாக இருந்தது, அதுவே வினையானது. உயிருள்ள மனிதன் உடம்பின் மேலேயே அச்சு எடுத்து வார்த்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. காப்பி அடித்துவிட்டாய் என்று சொல்வது போலத்தான். மாடலின் புகைப்படங்களை எல்லாம் காட்டினார். அதைவிடப் பெரிய பதில் அடுத்த சிலை. யோவான் ஸ்நானகனை ஆளுயரத்தை விடப் பெரிதாகச் செய்தார். அவ்வளவு பெரிய ஆளை எங்கே தேடிப் பிடித்து அச்சு எடுப்பது! 1880இல் அரசாங்கமே 'வெண்கல யுக'த்தை வாங்கியது.

அதே வருடம் வந்த ஆர்டர்தான் முதலில் சொன்ன கதவு. ஒரு புதிய அருங்காட்சியகத்துக்கு வாசற்கதவு வேண்டும் என்றார்கள். தாந்தேயின் காவியத்தை எடுத்துக்கொண்டு 'நரகத்தின் வாசல்' என்று தொடங்கினார். நோட்டு நோட்டாக வரைந்தார், சின்னச் சின்னக் களிமண் மாதிரிகள் செய்து பார்த்தார். அருங்காட்சியகத் திட்டம் கைவிடப்பட்டது. இவர் மட்டும் கதவை விடவில்லை. கிட்டத்தட்ட 200 உருவங்கள் அதில் ஏறின.

இங்கே அவருடைய வேலை முறையைக் கொஞ்சம் பார்க்கணும். சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றுவார். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் ஊற்றப்படும். மூல உருவம் போய்விடும், ஆகவே ஒரு வார்ப்புக்கு ஒரே சிலை. ரோடான் களிமண்ணில் செய்வார், அதிலிருந்து அச்சு எடுத்து பிளாஸ்டர் நகல் போடுவார்கள், அந்த பிளாஸ்டரை வைத்து வார்ப்புப் பட்டறைக்காரர்கள் வெண்கலத்தில் ஊற்றுவார்கள். இதில் ஒரு வசதி உண்டு. பிளாஸ்டர் அழியாது, எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். கை, கால், தலை என்று இழுப்பறை இழுப்பறையாகச் சேர்த்து வைத்திருந்தார். எந்தச் சோதனையையும் தூக்கிப் போடவில்லை. கதவின் உச்சியில் நிற்கும் 'மூன்று நிழல்கள்' உண்மையில் ஒரே உருவம்தான், மூன்று கோணத்தில் திருப்பி வைத்திருக்கிறார். கோடிங் பண்றவங்களுக்கு இது புரியும்.

அடுத்தது கலே நகரம். 1347இல் ஆங்கில மன்னன் அந்த ஊரை 11 மாதம் முற்றுகையிட்டிருந்தான். ஊர் பிழைக்க வேண்டுமென்றால் ஆறு பெரியவர்கள் கழுத்தில் கயிறோடு, கோட்டைச் சாவியோடு வந்து உயிரைக் கொடுக்க வேண்டும். ஆறு பேர் போனார்கள். ராணி கெஞ்சியதால் கடைசியில் உயிர் தப்பினார்கள். அந்த நினைவாக ஒரு சிலை வேண்டும் என்று 1884இல் நகர்மன்றம் ரோடானிடம் வந்தது. அவர்கள் நினைத்தது ஒரு தலைவர் சிலை. இவர் அதே பணத்துக்கு ஆறு பேரையும் செய்கிறேன் என்றார்.

முதல் மாதிரி அவர்களுக்குப் பிடித்தது. அடுத்த வருடம் அனுப்பிய இரண்டாவது மாதிரியைப் பார்த்ததும் கமிட்டி முகம் சுளித்தது. வீரர்கள் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டாமா, இவர்கள் ஏன் தலையைப் பிடித்துக்கொண்டு, தோள் தொங்கிப் போய் நிற்கிறார்கள்? ரோடான் மாற்றவில்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்து நடக்கிற மனிதனுக்கு பயம் இருக்கும், அந்த பயத்தோடு அவன் நடப்பதுதான் வீரம் என்பது அவர் கட்சி. ஆறு பேரையும் முதலில் உடையில்லாமல் தனித்தனியாகச் செய்து, உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்த்து, அப்புறம்தான் துணி போர்த்தினார். பீடமே இல்லாமல் தரையிலேயே, ஊர் மக்களோடு மக்களாக நிறுத்த வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். 1895இல் பீடத்தில் ஏற்றி, சுற்றிலும் கம்பி வேலியும் போட்டுத்தான் திறந்தார்கள்.

1891இல் எழுத்தாளர் சங்கம் பால்சாக்கின் சிலையைக் கேட்டது. 18 மாதம் டெட்லைன். இவர் எடுத்துக்கொண்டது ஏழு வருடம்! பால்சாக் இறந்து 40 வருடம் ஆகிவிட்டது. அதனால் அவருடைய ஊர்ப்பக்கம் போய் அதே சாயல் உள்ளவர்களைத் தேடினார். அவருக்குத் தைத்த பழைய தையல்காரரைக் கண்டுபிடித்து அதே அளவில் உடை தைக்கச் சொன்னார். பானை வயிற்றோடு நிர்வாணமாக, கோட்டோடு, அங்கியோடு என்று எத்தனையோ மாதிரிகள். ஒரு நிஜ அங்கியையே பிளாஸ்டரில் முக்கி எடுத்து மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்த்தார். 1898இல் காட்டியபோது பாரிஸே சிரித்தது. சங்கம் வாங்க மறுத்தது. ஆதரவாளர்கள் பணம் திரட்டி வாங்க வந்தார்கள், அதையும் வேண்டாம் என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலையை மூதோனில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

இவரைப் பாவம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கலே சிலை வேலையின்போது பட்டறையில் கமீய் கிளோடெல் என்ற இளம் சிற்பி இருந்தார். பெரிய திறமைசாலி, ரோடானுக்காகக் கைகளையும் கால்களையும் செய்துகொடுத்தவர், அவருடைய காதலியும்கூட. உறவு முறிந்தது. 1913இல் குடும்பத்தார் கமீயை மனநல விடுதியில் சேர்த்தார்கள். 30 வருடம், 1943இல் சாகும் வரை, அவர் வெளியே வரவில்லை. ரோடான் பெயரைச் சொல்லும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அதே 1913 வாக்கில் ரோடான் கைக்குச் சில புகைப்படங்கள் வந்தன. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராசரின் படங்கள்! ஒரு உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்தின் விளிம்புக் கோட்டையும் பார்ப்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. நம்ம நடராசரையும் படத்திலேயே அப்படித்தான் பார்த்தார். முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால் பக்கம் என்று பார்த்து வியந்து எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921இல், அது அச்சில் வந்தது.

1916இல் சிலைகள், பிளாஸ்டர்கள், ஓவியங்கள் எல்லாவற்றையும் பிரெஞ்சு அரசுக்கே எழுதிக்கொடுத்தார். 1917 நவம்பர் 17இல் இறந்தார். கல்லறைமேல் 'சிந்தனையாளன்' உட்கார்ந்திருக்கிறான்.

இனிமேல் வருவதெல்லாம் அவர் பார்க்காதது. கலேயின் ஆறு பேர் 1924இல் உயரப் பீடத்திலிருந்து கீழே இறக்கப்பட்டார்கள். 'நரகத்தின் வாசல்' 1920களில்தான் வெண்கலமானது. பாரிஸ் சிரித்த பால்சாக், 1939இல் அதே பாரிஸின் தெருச்சந்தியில் வெண்கலமாக நின்றார். வேண்டாம் என்று சொன்ன கமிட்டிகளில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கு யாராவது தேடினால்தான் உண்டு. அந்த பிளாஸ்டர்கள் பத்திரமாக இருந்ததால்தான் இவையெல்லாம் நடந்தன. ரிவ்யூவில் திட்டு வாங்கிய உங்கள் வரைபடங்களையும் உடனே டெலிட் பண்ணிடாதீங்க.

இன்னொன்று. ரோடான் அந்த நடராசரைப் படத்தில்தான் பார்த்தார். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். போனால் முன்னால் நின்று ஒரு செல்ஃபியோடு திரும்பிவிடாமல், எத்தனை பக்கத்திலிருந்து பார்க்க முடியுமோ அத்தனை பக்கத்திலிருந்தும் பாருங்க.