1913-ல ராமானுஜன் போட்ட தபால்... கேம்பிரிட்ஜுக்கு எத்தனை நாள்ல போச்சு?

மெசேஜ் அனுப்பி 10 நிமிஷத்துல ப்ளூ டிக் வரலைன்னா நமக்கு டென்ஷன் ஆகிடுது இல்லையா? சென்னையில ஒரு கிளார்க், தன்னோட எதிர்காலத்தையே ஒரு கவருக்குள்ள வெச்சு அனுப்பிட்டு வாரக்கணக்குல காத்திருந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

பழைய கடிதம் ஒண்ணு கிடைச்சா, ஸ்டாம்ப் மேல குத்தியிருக்குற வட்ட முத்திரையைப் பாருங்க. எந்த ஊர்ல, என்னைக்கு போஸ்ட் பண்ணினாங்கன்னு தெரியும். கவரைத் திருப்பினா, பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஊரோட முத்திரை இருக்கும். ரெண்டு தேதிக்கும் நடுவுலதான் அந்தக் கடிதத்தோட பயணம். கடிதத்தின் தலைப்புல எழுதுற தேதியும் இதே மாதிரி துப்பு கொடுக்கும். ராமானுஜன் கதையை அப்படிப் படிச்சுப் பார்க்கலாமா?

முதல் தேதி: 16 ஜனவரி 1913

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாசம் 30 ரூபாய் சம்பளம். ஏற்கெனவே இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதியும் உதவி கிடைக்கல. ஆனாலும், சுமார் 120 தேற்றங்களோடு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார்.

அப்போ சீமைத் தபால்னா ரயிலில் பம்பாய், அங்கிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் கப்பலில் சூயஸ் கால்வாய் வழியா ஐரோப்பா. பிப்ரவரி 2-ம் தேதி தத்துவமேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தன் தோழிக்கு ஒரு கடிதம் எழுதுறார். இந்திய கிளார்க் ஒருவரோட கடிதத்தைப் பார்த்துட்டு ஹார்டியும் லிட்டில்வுட்டும் பரபரப்பா இருக்காங்கன்னு அதுல சொல்றார். அப்படின்னா, 17 நாளுக்குள்ள கடிதம் போய்ச் சேர்ந்து, படிச்சும் ஆச்சு!

திரும்பி வந்த தபால்

ஹார்டி பதில் எழுதியது பிப்ரவரி 8. அதைப் படித்துவிட்டு ராமானுஜன் மறுபடி எழுதியது பிப்ரவரி 27. அதாவது, முதல் கடிதம் எழுதி ஆறு வாரத்துக்குள்ள அவர் கையில பதில் இருந்தது. அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கடல் தாண்டுறதுக்கு முதல்ல தயங்கினவர், 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 28 நாள் கழிச்சு லண்டன். 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. ஆனா உடம்பு கெட்டுப்போய், 1919-ல் ஊர் திரும்பினார்.

கடைசி தேதி: 12 ஜனவரி 1920

முதல் கடிதத்துக்குச் சரியா ஏழு வருஷம் ஆக நாலு நாள் பாக்கி. படுக்கையில் இருந்தபடியே ஹார்டிக்கு இன்னொரு கடிதம். அதுல உடம்பைப் பத்திப் புலம்பல் இல்ல. 'மாக் தீட்டா' சார்புகள்னு தான் புதுசா கண்டுபிடிச்சதை எழுதியிருந்தார். ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயசு 32.

அந்தக் கணக்கோட முழு அர்த்தம் தெளிவானது 2002-ல், சாண்டர் ஸ்வெகர்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் மூலமா. 82 வருஷம்!

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட டிரங்குப் பெட்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை திறந்து பாருங்க. ஸ்டாம்ப்பை மட்டும் கிழிச்சு எடுத்துடாதீங்க... முத்திரையும் கூடவே போயிடும்!